பூஜ்யத்துக்குக் கீழே மூன்று இரவுகள்

வகுப்பில் அவளுக்குச் சந்தேகக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். பொதுச் சுகாதாரமும் நோய்த்தடுப்பும் என்ற அந்த மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் கூடப் படித்தவர்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். அவளுக்கு முப்பது முடிந்திருந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் போகிற மகள் இருந்தாள். பாடம் முடிந்து எல்லோரும் பையைத் தோளில் மாட்டுகிற நேரம் பார்த்து, "மேடம், எனக்கொரு சந்தேகம்" என்று எழுந்து நிற்பாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வரும். அவள் அதைக் கண்டுகொள்ள மாட்டாள்.

படிக்க வருவதற்கு முன்னால் ஏழு வருஷம் ஒரு மருந்துக் கடையில் நின்றவள். மழை தொடங்கினால் ஒரே தெருவிலிருந்து ஒரே வயிற்றுப்போக்கு மருந்துக்கு ஆட்கள் வரிசையாக வருவதைக் கவனித்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தெருவாரியாகக் கோடு போட்டு வைத்தாள். ஒருநாள் அதைக் கடைக்காரரிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அந்தத் தெரு தண்ணிக் குழாய் சரியாயிட்டா நாம ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று சிரித்தார். அவளால் கூடச் சிரிக்க முடியவில்லை. அடுத்த வருஷமே கல்லூரியில் விண்ணப்பம் போட்டாள்.

கணவர் தடை சொல்லவில்லை. அவர் ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிற மெக்கானிக். வீட்டின் கீழ்த்தளத்திலேயே கடை. கதவு கழற்றிய ஃப்ரிட்ஜுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் அந்தக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்ல டாக்டருக்குப் படிக்கிறா" என்பார்.

"டாக்டர் இல்லைங்க. நோய் வராம தடுக்கிறதுக்கு."

"வந்ததைப் பாக்கிறவரே டாக்டர்னா, வராமலே பண்றவ அவருக்கு மேலதானே?" என்று ஸ்க்ரூடிரைவரை ஆட்டிக்கொண்டு சொல்வார். அந்தப் பேச்சில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

இரண்டாம் ஆண்டில் நான்கு மாதக் களப்பயிற்சி. பேருந்தில் இருபது நிமிஷ தூரத்தில் ஒரு சுகாதார நிலையம் அவளுக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் மருந்து அறை. மூன்று நர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்றார்கள். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அழுகிற குழந்தையின் தொடையில் அது மூச்சு இழுப்பதற்குள் ஊசி போட்டு எடுத்துவிடுகிற கை. பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

அவள் போய்ச் சேர்ந்த முதல் வாரமே தடுப்பு மருந்து வைக்கிற குளிர்ப்பெட்டி படுத்துவிட்டது. தலைமை அலுவலகத்துக்குச் சொன்னால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். சிஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இவள்தான் சொன்னாள்: "சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் மெக்கானிக். கூப்பிடட்டுமா?"

அவர் வந்தார், இரண்டு மணி நேரம் குனிந்து வேலை பார்த்தார், பெட்டி மறுபடி முனகத் தொடங்கியது. "உன் புண்ணியத்துல பிழைச்சோம்மா" என்றார் சிஸ்டர். அன்று வீட்டுக்குப் போகும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவள் கணவரின் முதுகில் லேசாகத் தட்டிக் கொடுத்தாள்.

ஆறு வாரம் கழிந்தது.

ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு ஆய்வு செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் கை கழுவும் பழக்கம், கொசு என்று எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு மருந்து அறைக் கதவில் ஒட்டியிருந்த வெப்பநிலை அட்டவணை மீதே கண். காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் மருந்து பத்திரம். அட்டவணை முழுக்க நாலு, நாலு, ஐந்து, நாலு. நிலையம் பூட்டிக் கிடக்கிற சனி, ஞாயிறுகளிலும் நாலு. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பார்த்தபோது சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து நாலு எழுதியாகியிருந்தது.

"சிஸ்டர், எனக்கொரு சந்தேகம்..."

"உன் சந்தேகம் தெரியும்மா. ரெண்டு நாள் யாரு வந்து பாக்கிறது? காலியா விட்டா மேலிருந்து மெமோ வரும். பகல்ல நான் பாக்கிறப்போ நாலுதான் இருக்கு. நீயே பாரு."

பார்த்தாள். நாலுதான் இருந்தது.

கல்லூரியிலிருந்து அவள் ஒரு பதிவுக்கருவி வாங்கி வந்திருந்தாள். தீப்பெட்டி அளவு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைத் தானே குறித்துக்கொள்ளும். "இதை உள்ளே போட்டு வைக்கட்டுமா, திங்கட்கிழமை எடுத்துக்கறேன்?" என்றாள்.

"வெச்சுக்கோ. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் பூட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை கல்லூரிக் கணினியில் அதை இணைத்தபோது, திரையில் மலை இறங்கி ஏறுகிற மாதிரி ஒரு கோடு வந்தது. பகலில் நாலு. இருட்டியதும் கோடு சரியத் தொடங்கி, நள்ளிரவு தாண்டிப் பூஜ்யத்தைக் கடந்து, விடிகிறவரை அதற்குக் கீழேயே கிடந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று இரவும் அதே கதை.

தடுப்பு மருந்துக்குச் சூடு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து நோய்க்குச் சேர்த்துக் குழந்தைகளுக்குப் போடுகிற அந்த ஊசி மருந்துக்கு உறைவதும் ஆகாது. ஒருமுறை உறைந்துவிட்டால் சக்தி போய்விடும். போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, பலனும் இல்லை. சூடு பட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கிற ஒரு வட்டம் புட்டியிலேயே உண்டு. உறைந்ததை அது காட்டாது.

ஆய்வை மேற்பார்க்கும் விரிவுரையாளரிடம் ஓடினாள். அவர் கோட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கருவியும் தப்பு சொல்லலாம். புட்டியைச் சோதிக்காம யாரும் எதுவும் சொல்லக் கூடாது. குலுக்கிப் பாக்கிற சோதனை ஞாபகம் இருக்கா? அதைப் பண்ணச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, "பக்கத்து வட்டாரத்துல ரெண்டு குழந்தைங்க, அந்த அஞ்சுல ஒண்ணான கக்குவான் இருமலோட ஆஸ்பத்திரியில சேர்ந்திருக்காங்க. தாமதிக்காதீங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை, அவள் அந்தக் கோட்டை அச்செடுத்து வந்த காகிதத்தை சிஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார். "படிக்க வந்தியா, வேவு பாக்க வந்தியா?" என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆனால் அன்று மாலை நிலையத்தைப் பூட்டுவதற்கு முன், சிஸ்டரே ஒரு புட்டியை எடுத்து, அதன் கழுத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றி, ஐஸ் கட்டி செய்கிற உறைபெட்டிக்குள் வைத்தார். வேண்டுமென்றே உறைய வைத்த புட்டி ஒன்று இருந்தால்தான் மற்றதை அதோடு ஒப்பிட முடியும். "நாளைக்கு ஊசி நாள். ஆறு மணிக்கே வந்து இதை வெளியே எடுத்து வெச்சு உருக விடறேன். எட்டரைக்கு நீ வந்துடு" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தைக் கணவரிடம் நீட்டினாள். அவர் கை துடைத்துவிட்டு வாங்கினார்.

"என்னங்க, அந்தப் பெட்டிக்கு என்ன தெர்மோஸ்டாட் போட்டீங்க?"

"ஏன், ஓடலையா? ஜில்லுனுதானே இருக்கு?"

"ஜில்லுனு இருக்கிறதுதாங்க பிரச்சனை."

அவர் சிரித்துக்கொண்டேதான் காகிதத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் கரைந்தது. படித்த அவள் அந்தக் கோட்டில் வெப்பநிலையைத்தான் பார்த்திருந்தாள். அவர் அதில் மோட்டாரைப் பார்த்தார். விரலை இரவுப் பகுதியில் வைத்து, "இங்கேருந்து இது நிக்கவே இல்ல. மூச்சு விடாம ஓடியிருக்கு" என்றார். பிறகு பழுது பார்த்த அன்று நடந்ததைச் சொன்னார். மோட்டாரை ஓட்டியும் நிறுத்தியும் குளிரை அளவாக வைப்பது தெர்மோஸ்டாட்; அந்த வகைப் பெட்டிக்கானது அன்று கடைவீதியில் கிடைக்கவில்லை. வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போடுவதைப் போட்டுத் திருகிப் பகலில் நாலுக்குக் கொண்டு வந்துவிட்டார். அறையில் பகல் வெக்கை இருந்தவரை அது சமாளித்தது. இரவில் அறை ஆறியதும் மோட்டாரை நிறுத்தத் தெரியவில்லை.

"நாளைக்கு விடியக்காலையில நானே போய் சரியானதை மாத்திடறேன். எப்படியாவது தேடிப் பிடிச்சுடறேன். நீ எதுவும் சொல்லிக்காதே" என்றார்.

"ஆறு வாரமா போட்ட ஊசிங்க? அதை எப்படி மாத்துவீங்க?"

அவர் காகிதத்தை நாலாக மடிக்கத் தொடங்கினார்.

"உங்க தங்கச்சி பாப்பாவுக்கும் அங்கேதான் ரெண்டு தடவை போட்டோம்."

"தெரியும்!" என்று கத்தினார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் குரலைத் தணித்து, "ஏன் அந்தப் பெட்டிகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனே?" என்றார். அது மட்டும் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை எட்டரைக்கு அவள் போனபோது கூடத்தில் ஏற்கெனவே ஏழெட்டுத் தாய்மார்கள். மருந்து அறையில் சிஸ்டர் கதவைச் சாத்தினார். ஒரு கையில் பிளாஸ்திரி சுற்றிய புட்டி, மறு கையில் பெட்டியிலிருந்து எடுத்தது. "நான்தான் பண்ணுவேன். என் கையால" என்றார்.

இரண்டையும் சேர்த்துக் குலுக்கினார். பதினைந்து எண்ணினாள். ஜன்னல் வெளிச்சம் படும்படி மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் மோர் மாதிரி வெளுப்பாக இருந்தன. இனிக் காத்திருக்க வேண்டியதுதான். உறைந்து கெட்ட மருந்தாக இருந்தால் துகள் துகளாகத் திரிந்து சீக்கிரம் அடியில் இறங்கும். நல்ல மருந்து நேரமெடுக்கும்.

கூடத்தில் ஒரு குழந்தை அழுதது. கூடவே இன்னொன்று.

மூன்றாவது நிமிஷம் பிளாஸ்திரி புட்டியில் துகள் இறங்கத் தொடங்கியது. மற்றது அப்படியே வெளுப்பாக நின்றது. அவள் அந்த வெளுப்பையே பார்த்தாள். அப்படியே இரு, அப்படியே இரு என்று மனசு அடித்துக்கொண்டது. சிஸ்டரின் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. "பார்த்தியா?" என்று வாயெடுத்தார்.

ஐந்தாவது நிமிஷம் அதன் கழுத்துக்குக் கீழே நூல் பிடித்த மாதிரி தெளிந்த நீர்க்கோடு ஒன்று தெரிந்தது. கோடு அகலமாயிற்று. பத்தாவது நிமிஷம் எது எது என்று பிளாஸ்திரியைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"இன்னொண்ணு எடு" என்றார் சிஸ்டர்.

எடுத்தாள். அதுவும் இறங்கியது. மூன்றாவதும்.

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "ஆறு புதன்கிழமை. நூத்தி முப்பத்தொரு பிள்ளைங்க. அதுங்க அழுத அழுகை எல்லாம் தண்டமா?"

வெளியே யாரோ கதவைத் தட்டி, "சிஸ்டர், நேரமாகுது" என்றார்கள்.

சிஸ்டர் நிமிர்ந்தார். பத்தொன்பது வருஷ அனுபவம் விழித்துக்கொண்டது. "இங்க பாரு. கருவி காட்டினது இந்த மூணு ராத்திரி மட்டும்தான். அதுக்கு முன்னால நல்லாவும் இருந்திருக்கலாம். பெட்டி இந்த வாரம்தான் கெட்டுதுன்னு எழுதினா, இருக்கிற மருந்தைக் கொட்டிட்டுப் புதுசு வாங்கிக்கலாம். யாருக்கும் பாதகம் இல்ல. எப்பலேருந்துன்னு யாருக்குத் தெரியும்?"

அந்த ஒரு வாக்கியத்துக்குள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள இடம் இருந்தது. சிஸ்டருக்கு, கணவருக்கு, அவளுடைய சான்றிதழுக்கு. தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.

"எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்றாள். "பெட்டி ரிப்பேரான அன்னிலேருந்து. எங்க வீட்டுக்காரர் போட்டது இதுக்கான தெர்மோஸ்டாட் இல்ல. நேத்து அவரே சொன்னாரு."

சிஸ்டர் எழுந்து, கதவைத் திறந்து, கூடத்துக்குப் போய், "இன்னிக்கு ஊசி இல்லம்மா. மருந்து சரியில்ல. புது மருந்து வந்ததும் கூப்பிடறோம்" என்றார். ஒரு பெண், "அரை நாள் லீவு போட்டு வந்திருக்கேன், விளையாடறீங்களா?" என்று பாய்ந்தாள். சிஸ்டர் எதிர்த்துப் பேசவில்லை. எல்லா ஏச்சையும் வாங்கிக்கொண்டு நின்றார். போன வாரம் வந்தவர்களில் ஒருத்தி, "அப்போ போன தடவை போட்டது?" என்று கேட்டபோது, "அதுவும்தாம்மா" என்றார். கூடத்தில் எழுந்த சத்தத்தில் இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். முன்கூட்டி எழுதிய அட்டவணைக்குச் சிஸ்டருக்கு மெமோ கிடைத்தது. அறிக்கையில் கணவரின் கடைப் பெயர் ஏறியது. சரியான பாகத்தை வாங்கிக்கொண்டு அவர் நிலையத்துக்கு வந்தபோது, அதிகாரி பெட்டியைத் தொட விடவில்லை. தலைமை அலுவலக ஆள்தான் மாற்றினான். அவர் வாசலில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி தெருவுக்கும் வந்து சேர்ந்தது. நாத்தனார் மூன்றரை மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்து, "எங்க அண்ணனை நீங்களே காட்டிக் கொடுத்துட்டீங்களே, அண்ணி" என்றாள். கண் நிறைந்திருந்தது. பிறகு அதே மூச்சில், "பாப்பாவுக்கு எப்போ மறுபடி போடணும்?" என்று கேட்டாள்.

"நாளைக்கே. நானே கூட வரேன்."

கணவர் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். சாப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்பதைக்கூட மகள் வழியாகத்தான் சொன்னார்.

நூற்று முப்பத்தொரு பேரில் பத்து நாளுக்குள் நூற்றுப் பத்தொன்பது குழந்தைகள் வந்து மறு ஊசி போட்டுக்கொண்டன. பன்னிரண்டு வரவில்லை. ஃபோன் எண் மாறியவர்கள், வீடு காலி செய்தவர்கள், வேலை தேடி வந்து வேலை முடிந்ததும் கிளம்பியவர்கள். பட்டியலோடு அவள் தெருத்தெருவாக நடந்தாள். அவள் அலையத் தொடங்கிய ஐந்தாம் நாள் காலையில் வாசலில் பைக் உறுமிக்கொண்டிருந்தது. கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே, "அந்தப் பட்டியல்ல முதல்ல எது?" என்றார்.

கட்டட வேலை நடக்கிற இடங்கள், மரக்கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைகள், மூன்று மாடி ஏறிப் பூட்டைப் பார்த்துவிட்டு இறங்குவது என்று இரண்டு வாரம் அலைந்தார்கள். ஊசி என்று கேட்டதும் கதவைச் சாத்தினவர்கள் உண்டு. ஒரு தாய் குழந்தையை இறுக்கிக்கொண்டு, "இந்தத் தடவையாவது ஒழுங்கான மருந்தா?" என்றாள்.

"வெப்பநிலையைப் பார்த்துட்டுத்தான் எடுத்துட்டு வருவோம். நீங்களும் வந்து பாருங்க."

அந்தப் பெண் உண்மையிலேயே வந்து, மருந்துப் பெட்டிக்குள் தலையை விட்டு எண்ணைப் படித்துவிட்டுத்தான் குழந்தையை நீட்டினாள். சிஸ்டர் பொறுமையாகக் காட்டினார்.

எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஒன்பதாவது குழந்தை ஆஸ்பத்திரியில் கிடைத்தது. இரண்டரை மாத ஆண் குழந்தை. கக்குவான் இருமல். இருமி இருமி முகம் நீலமாகி, மூச்சை இழுக்க முடியாமல் துவளும். ஒவ்வொரு முறையும் தாய் எழுந்து நிற்பாள். மருத்துவர் பரிவோடுதான் பேசினார்: "இந்த வயசுல ஒரே ஒரு ஊசி, நல்ல மருந்தாவே இருந்தாலும் முழுசாத் தடுத்திருக்காது. இதனாலதான்னு யாரும் சொல்ல முடியாதும்மா."

அப்படியானால், இதனால் இல்லை என்று சொல்ல முடியுமா? அவள் அதைக் கேட்கவில்லை. கணவர் கேட்டார். மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார்.

பதினோரு நாள் ஆக்ஸிஜனில் இருந்தது குழந்தை. அந்தப் பதினோரு நாளும் கணவர் கடையைத் திறப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டு வந்தார். முதல் ஏழு நாள் தான் யாரென்று தாயிடம் சொல்லவில்லை. எட்டாம் நாள் சொன்னார். அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று இவளிடம் அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து முகத்தை வெகுநேரம் கழுவினார். பன்னிரண்டாம் நாள் குழந்தை வீட்டுக்குப் போனது.

சிஸ்டர் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் எதுவும் எழுதவில்லை. ஆய்வுக்கு வாய்மொழித் தேர்வு நடத்த வந்த வெளித் தேர்வாளர், "பழுது பார்த்தவரைப் பரிந்துரை செய்தது யார்?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றாள். அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். நல்ல மதிப்பெண்தான் வந்தது. அதை வீட்டில் யாரும் கொண்டாடவில்லை.

மிச்சம் மூன்று குழந்தைகள் கிடைக்கவில்லை. விலாசத்தில் இருந்த வீடுகளில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். தேர்வு முடிந்த அன்று மாலை கணவர் கடையில் ஒரு கம்ப்ரெஸரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் படியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் கோபமா?"

"இருக்கு."

"போகுமா?"

அவர் நட்டை விரலால் சுற்றிக்கொண்டே யோசித்தார். "தெரியல" என்றார். பிறகு, "ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு கட்டடம் கட்டறாங்களாம். நிறைய பேர் குடும்பத்தோட வந்திருக்காங்களாம். காலையில எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?"